நான் தைத்த கோழி

எங்கள் கருப்புக் கோழியை நாய் கவ்வியபோது நான் ‘உயிர்ப்பலி ஒழிக’ என்ற கட்டுரையை நல்ல கையெழுத்தில் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். காய்கறி வாங்கத் தேக்கா பசாருக்குக் கிளம்பும்போது அம்மா எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தாள்.

“கோழிங்களப் பாத்துக்க. பின்னால வேலி பிஞ்சு கெடக்கு.”

பார்த்துக்கொள்வதாகத்தான் எண்ணம். ஆனால் ‘வாயில்லா ஜீவன்களின் கண்ணீர்’ என்பதை ‘இரத்தக் கண்ணீர்’ ஆக்கலாமா என்ற யோசனையில் இருந்ததால், அந்த வாயில்லா ஜீவன் பின்முற்றத்தில் தொண்டை கிழியக் கத்தியது என் காதில் விழவில்லை. அடுத்த வீட்டு அத்தை கத்தியதுதான் விழுந்தது.

“டாக்டரே! ஒங்க வீட்டுக் கோழி போச்சு!”

டாக்டர் என்றால் நான்தான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி இருந்த எங்கள் தகரக்கூரை வரிசை வீடுகளில் மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் ஆங்கிலத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். தம் பெயரை எழுத அவர் பழகியதே என் சிலேட்டில்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால், எனக்குத் தெரியாது என்று சொல்லும் வழக்கத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை. இருமலுக்கான மருந்தை எப்போது குடிப்பது என்று கேட்பவர்களுக்கு இருமல் ஏன் வருகிறது என்பது முதல் சொல்வேன். அத்தை அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தாள். மரியாதையாகக் கொடுத்தாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

முற்றத்துக்கு ஓடினேன். செம்பட்டை நிறத்தில் ஒரு தெருநாய் கோழியைக் கவ்வி உதறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த மைப்புட்டியை நாயின் தலையைக் குறிவைத்து வீசினேன். அது அத்தை வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் விழுந்தது. நாயை விரட்டியது அத்தையின் விளக்குமாறு.

கோழி உயிரோடு இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு பக்க இறக்கை தொங்கியது. முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து மடிந்திருந்தது. கழுத்துக்குக் கீழே தீனிப்பை கிழிந்து, காலையில் தின்ற நொய்யரிசி ஒவ்வொன்றாக வெளியே உதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா பசார் கூடையோடு வந்து நின்றாள். கோழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஒன் பரிச்சை போச்சேடா, தம்பி” என்றாள்.

அது எனக்காக நேர்ந்துவிட்ட கோழி. அந்த வருடம் நான் பள்ளியின் கடைசிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதியிருந்தேன். முதல் தேர்வுக்கு நான் புறப்பட்ட காலையில், அம்மா இந்தப் பெட்டையைப் பிடித்து, காலில் மஞ்சள் துணி கட்டி, கால்வாய்க்கரை அரசமரத்தடியில் இருந்த அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பையன் பாஸானால் இந்தக் கோழி உனக்கு. அம்மனுக்குக் கொடுப்பது ஊனமில்லாமல் இருக்க வேண்டும். கால் நொண்டக் கூடாது, கண் பழுதாகக் கூடாது. ஆகவே மற்ற எட்டுக் கோழிகளும் மண்ணைக் கிளறிப் பிழைக்க, இது மட்டும் தனித்தட்டில் நொய் தின்று கொழுத்துக்கொண்டிருந்தது.

நான் அதை எதிர்த்து வீட்டில் வாதாடித் தோற்றேன். தோற்ற அதே வாதத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடைவீட்டு மாடியில் கூடும் எங்கள் இளைஞர் மன்றத்தில் பேசி வென்றேன். ‘கோழி கேட்கும் தெய்வத்தைக் கேள்வி கேட்போம்!’ என்று கையை உயர்த்தியபோது பலத்த கைதட்டல். மன்றச் செயலாளர் எழுந்து வந்து, “இத நம்ம கையெழுத்து ஏட்டுக்கு எழுதிக் குடுங்க தம்பி” என்றார். அதைத்தான் அன்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கோழி என் பேரில் வளர்கிறது என்பதைப் பேச்சிலும் சொல்லவில்லை, கட்டுரையிலும் சேர்க்கவில்லை.

இப்போது அம்மா என் பரீட்சை போய்விட்டது என்றதும் நான் சிரித்து, “கோழிக்கும் பரிச்சைக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டிருக்க வேண்டும். வாய் அப்படிக் கேட்கவும் செய்தது. ஆனால் மனம் தேர்வு மண்டபத்துக்கு ஓடியது. கணக்கு இரண்டாம் தாளில் ஏழாவது கேள்விக்கு வட்டத்தை வரைந்துவிட்டு, அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் அந்த வட்டத்தை அழகாகத் தடித்துவிட்டு வந்திருந்தேன். அது என்னையும் அம்மனையும் தவிர யாருக்கும் தெரியாது. அம்மனை நான் நம்பவில்லை என்பதால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“பொழைக்குமாடா?”

“பொழைக்கும். ஊசியும் நூலும் எடுத்துட்டு வா. தண்ணி கொதிக்க வை” என்றேன். குரல் எனக்கே பிடித்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பில் தேறியவன் நான். அதற்குச் சின்னம்கூட உண்டு. முக்கோணத் துணியை ஒரு சீனப் பையனின் உடையாத கையில் கட்டி அதை வாங்கினேன். தையல் போடுவது பாடத்தில் இல்லை. அதை இந்த இடத்தில் சொல்வது தேவையில்லை என்று அப்போதும் தோன்றியது.

அம்மா கால்களைப் பிடித்தாள். அத்தை கோழியின் தலையை ஒரு துண்டால் மூடிப் பிடித்தாள். கண்ணை மூடினால் கோழி அடங்கும் என்றாள், அடங்கியது. ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கறுப்பு நூல் கோத்து, முதல் குத்துக் குத்தினேன். கோழி அசையவில்லை. எனக்குத்தான் காது அடைத்து, முற்றத்துத் தென்னை மரம் மெதுவாகச் சாய்ந்தது.

“அண்ணி, கோழிய நான் பாத்துக்கறேன். நீங்க டாக்டருக்குத் தண்ணி தெளிங்க” என்றாள் அத்தை.

முகத்தில் தண்ணீர் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்து, வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். தீனிப்பையில் எட்டுத் தையல், முதுகில் பதினொன்று. பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சாக்குத் தைப்பதுபோல் ஒரே மூச்சில் தைத்துவிட்டேன். நொய் உதிர்வது நின்றது. வெற்றி. கடைசியில் பள்ளிக்கூட முறைப்படி சிவப்பு மருந்தைப் பஞ்சில் தொட்டு, காயம் இருந்த இடம் இல்லாத இடம் என்று பாராமல் பூசி, மற்ற கோழிகளோடு விட்டால் மனத்தெம்பு பெறும் என்று முற்றத்தில் விட்டேன்.

கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் எட்டுக் கோழிகளும் வட்டமாக நின்று அதைக் கொத்திக்கொண்டிருந்தன.

“செவப்பப் பாத்தா கோழி சும்மா இருக்குமா? ரத்தம்னு நெனச்சுக் கொத்தாது?” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “நாயி கடிச்சது பத்தாதுன்னு நீங்க வேற அதுக்குப் பொட்டு வச்சு விட்டிருக்கீங்க!”

அம்மா மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து என் சிவப்பின் மேல் பூசினாள். கோழியைப் பழைய சோப்புப் பெட்டியில் கோணி விரித்து, என் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். வேலை முடிந்து வந்த அப்பா குனிந்து ஒரு பார்வை பார்த்தார்.

“நேர்ந்துவிட்டதாப் போச்சு. இல்லாட்டி இந்நேரம் கொழம்புல கொதிச்சிருக்கும். அதுக்கு யோகம் லா” என்றார்.

அன்றிலிருந்து நான் அந்தக் கோழியின் வைத்தியன் ஆனேன். வெளியே கேட்டவர்களிடம், உயிர்களிடத்தில் அன்பு என்றேன். உண்மை என்னவென்றால், ஒவ்வொரு நாள் காலையிலும் பெட்டியைத் திறக்கும்போது கோழி தலை தூக்கினால் கணக்கில் பாஸ், தொங்கப் போட்டிருந்தால் ஃபெயில் என்று எனக்குள் ஒரு முடிவு வெளியாகிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்கப்பட வேண்டிய தெய்வத்திடம் நான் தினமும் பதில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் பார்க்கத் தோன்றியது. வகுப்புத் தோழன் ஒருவனிடம் தெர்மாமீட்டர் இரவல் வாங்கி, இறக்கைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். நூற்றேழு டிகிரி. நூற்று ஐந்துக்கு மேல் போனால் மூளை கலங்கிவிடும் என்று படித்திருக்கிறேன். ஈரத்துணியை மடித்துக் கோழியின் தலையில் போட்டேன். துணி காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். பழைய கணக்கு நோட்டில் கட்டம் கிழித்து, காலை, மதியம், மாலை என்று காய்ச்சல் வரைபடம் வரைந்து பெட்டியின் மேல் ஒட்டினேன். நூற்றேழு, நூற்றேழு, நூற்றாறரை. கோடு இறங்கவே இல்லை. கோழி சளி பிடித்ததுபோல் தும்மத் தொடங்கியது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அம்மா, “அதுக்குக் குளுருதுடா” என்று துணியைப் பிடுங்கினாள்.

“ஒனக்குத் தெரியாதும்மா. நூத்தியேழு!”

“அந்தா திரியுதே சேவல், அதுக்கும் வச்சுப் பாரு.”

சேவலைப் பிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முற்றத்தில் கூடிய கூட்டத்தின் முன்னால் அதன் இறக்கைக்குள் தெர்மாமீட்டரைச் செருகினேன். நூற்றேழு. ஆரோக்கியமான கோழியின் சூடே அவ்வளவுதானாம். அந்தச் சேவல் எனக்கு அன்றிலிருந்து எதிரி. வரைபடத்தைக் கிழித்தபோது அத்தை, “இருக்கட்டும் டாக்டரே, பார்க்க அழகா இருக்கு” என்றாள்.

உணவு விஷயத்திலும் படிப்பைக் கைவிடவில்லை. தைத்த பை கனத்தால் பிரிந்துவிடும் என்று, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஃபில்லரைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். இருந்தும் கோழியின் அலகு நீலமாகிவிட்டது. விஷம் ஏறிவிட்டது என்று வரிசை முழுக்கச் செய்தி பரவி, ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

இத்தனையையும் மீறிக் கோழி பிழைத்துக்கொண்டது. இரண்டாம் வாரம் பெட்டியிலிருந்து தானே குதித்தது. மூன்றாம் வாரம் தனித்தட்டுக்கு வந்து, தட்டில் வாய் வைத்த சேவலைத் துரத்தியது. அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் என்னைக் கண்டால் மட்டும் அதற்கு ஆகாது. என் நிழல் விழுந்தாலே இறக்கையை விரித்துக்கொண்டு ஓடும். அம்மா மடியில் ஏறும், அத்தை காலைச் சுற்றும். ஊசி பிடித்தவனை அது மறக்கவில்லை. நான் கையில் நொய்யை வைத்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருப்பேன். எட்டடி தள்ளி நின்று ஒரு கண்ணால் பார்க்கும், வராது. நான் மனம் தளராமல் தினமும் போய்க் குந்தினேன். பரீட்சைக்காகப் பார்த்த கோழியை எப்போது கோழிக்காகப் பார்க்கத் தொடங்கினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

முடிவு வந்தது. பாஸ். மூன்றாம் கிரேடு, கணக்கில் கரை ஒதுங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சொன்னதும் அம்மா என் தலையைத் தடவி அழுதாள். அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார். அழுது முடித்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பூசாரிய வரச் சொல்லணும். வர வெள்ளிக்கெழம குடுத்துறலாம்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மூன்று மாதமாக நான் எதற்காக எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று.

பூசாரி வார நாட்களில் லாரி ஓட்டுகிறவர். எங்கள் வரிசையில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் மாமா. கோழி ஊனமில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தார். முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு முன்னால் தெளிவான கடமை இருந்தது. மேடையில் பேசியதை இங்கே பேச வேண்டும். தொண்டையைச் செருமினேன். மாமாவின் நெற்றியில் திருநீறு, முன்கையில் லாரி எண்ணெய்க் கறை, அவர் பக்கத்தில் மூன்று மாதக் கவலை தீர்ந்த முகத்தோடு அம்மா. ‘கோழி கேட்கும் தெய்வத்தை’ வரை வந்த வாக்கியம் உள்ளேயே நின்றுவிட்டது. மாடியில் கைதட்டியவர்கள் யாரும் எங்கள் முற்றத்தில் இல்லை.

மாமா கோழியைப் பிடித்தார். கண்ணைப் பார்த்தார், காலை இழுத்துவிட்டுப் பார்த்தார், மஞ்சள் துணியைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் இறகை ஊதி விலக்கினார். முளைத்த புது இறகுக்கு அடியில் தழும்பு மெல்லிய கோடாகத்தான் இருந்தது.

“இங்கயா கடிச்சுது? யாரு தச்சது?”

“நம்ம டாக்டருதான்” என்றாள் அத்தை.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, சொன்னாத்தான் தெரியுது. பெரியாஸ்பத்திரில வெள்ளைக்காரன் தச்சாக்கூட இவ்வளவு சுத்தமா வராது. ஊனம்னு சொல்ல ஒண்ணுமில்ல. படிச்ச கை படிச்ச கைதான்.”

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. அத்தைகூடச் சிரிக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன நாள் முதல் இந்த வரிசையில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த வாக்கியம் அது. மாமா அதை இத்தனை சாட்சிகளோடு, பட்டப்பகலில், சத்தமாகச் சொல்லிவிட்டார். ‘நன்றி மாமா’ என்று சொன்னால் போதும், வெள்ளிக்கிழமை கோழி போய்விடும்.

“நல்லாப் பாருங்க மாமா” என்றேன். “தையல் கோணல்.”

“எங்க கோணல்? நேராத்தான இருக்கு.”

“இல்ல மாமா, முதுகு இல்ல. முன்னால. தீனிப்பைய தோலோட சேத்துத் தச்சுட்டேன். அது தப்பு. தனித்தனியாத் தைக்கணும். எனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாது. முற்றத்தில் அந்தச் சொல்லை நான் சொல்லிக் கேட்டவர்கள் அன்றுவரை இல்லை. அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“அதனால என்ன, நல்லாத்தான திங்குது?”

“நல்லாத் திங்கல மாமா. பை எடப்பக்கமாத் தொங்குது. அது நடந்தா ஒரு பக்கமா இழுக்கும். விட்டுப் பாருங்க.”

மாமா விட்டார். அது வரைக்கும் இரண்டு மாதத்துக்கு மேலாக இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்த கோழி, அணிவகுப்பில் போகும் போலீஸ்காரன்போல் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேர்கோட்டில் நடந்தது.

“என்ன தம்பி, ஜோராப் போகுது!”

நொய்யை எடுத்து வரச்சொல்லி அம்மாவைத் தூவ வைத்தேன். கோழி கொத்தியது. நாலு வாய் தின்றதும் தீனிப்பை உப்பி, சுருக்குப்பையை இடுப்பில் செருகியதுபோல் ஒரு பக்கமாகப் பிதுங்கியது. விழுங்குவதற்குத் தலையை வலப்புறம் திருப்பி வானத்தைப் பார்த்து மூன்று முறை உதறியது. நான் ஓடிப்போய் அதைக் காட்டினேன். ஏழாவது தையலும் எட்டாவது தையலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடத்தைக் காட்டினேன். இறக்கை சரியாக மடங்காமல் விரல்கடை அளவு தொங்குவதைக் காட்டினேன். சிவப்பு மருந்தை, ஈரத்துணியை, நீல அலகைக் கேட்காமலே சொன்னேன். அவ்வளவு சிரத்தையாக நான் எந்தத் தேர்விலும் விடை எழுதியதில்லை.

“அப்ப இது ஊனந்தாங்குற?”

“ஊனந்தான் மாமா. என் கையால வந்த ஊனம். நாயி மேல பழி போடாதீங்க.”

மாமா யோசித்தார். “மூளிக் கோழிய ஆத்தா வாங்க மாட்டா. அது சரிதான்.”

“டாக்டரு அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரே, அதுக்கப்பறம் என்ன?” என்றாள் அத்தை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இருந்தது. கூடவே, எல்லாம் எனக்குத் தெரியும்டா என்பதும் இருந்தது.

அம்மாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. “அப்ப வேண்டுதல் என்னாவுறது? பையன் பாஸாயிட்டானே. குடுக்காம இருந்தா அவனுக்கு வேல வெட்டி கெடைக்குமா?”

“வேற கோழி குடு” என்றார் அப்பா.

“நேர்ந்தது இது. வேறத எப்படிக் குடுக்கறது?”

மாமா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை என் தலைக்கு வந்து நின்றது. அப்போது எனக்கு முன்னால் உயர்த்திச் சீவிய சுருட்டை முடி. அதை நிமிர்த்தி நிறுத்தத் தினமும் காலையில் இருபது நிமிடம் செலவழிப்பேன்.

“யாரு பாஸானது?” என்றார் மாமா.

“நான்தான்.”

“யாரு கோழிய மூளியாக்குனது?”

“...நான்தான்.”

“அப்பறம் என்ன? முடிய எறக்கிட்டாப் போச்சு.”

வெள்ளிக்கிழமை காலை அரசமரத்தடியில், உயிர்ப்பலியை எதிர்த்தும் மூடநம்பிக்கையை எதிர்த்தும் கட்டுரை எழுதியவன் தலை குனிந்து உட்கார்ந்தான். அம்மா விழுந்த சுருள்களைத் தட்டில் ஏந்தினாள். ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக்குப் போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். கையெழுத்து ஏடு அன்றுதான் வெளியாகிறது. என் கட்டுரை முதல் பக்கம்.

மாடிப்படி ஏறியதும் செயலாளர் என் தலையையே பார்த்தார். “என்ன தம்பி இது?”

“கோழிச் செல்லு” என்றேன். “வீட்டுல கோழி வளக்கிறோம். அந்தப் பேனு தலையில ஏறிடுச்சு.”

செயலாளர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அடுத்த கூட்டத்தில் ‘சுகாதாரமும் நாமும்’ என்ற தலைப்பில் நான் பேச வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து, வேறு வேலை தோன்றாமல், வழக்கம்போல் கையில் நொய்யை எடுத்துக்கொண்டு முற்றத்தில் குந்தினேன். கருப்புக் கோழி எட்டடி தள்ளி நின்று ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி அடுத்த கண்ணாலும் பார்த்தது. பிறகு இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, என் உள்ளங்கையிலிருந்து தின்றது.

“அட, ஆள் அடையாளம் தெரியல அதுக்கு!” என்றாள் அத்தை, கொடியில் துணி போட்டபடி. மை பட்ட அந்த வேட்டிதான்.

அவள் சொன்னது சரி. இரண்டு மாதத்தில் முடி வளர்ந்ததும் கோழி மறுபடி ஓடத் தொடங்கியது. இப்போது ஓர் ஆபீஸில் கோப்பு எழுதும் கிராணியாக இருக்கிறேன், முடியைப் பழையபடி உயர்த்திச் சீவுகிறேன். கோழி இன்னும் இருக்கிறது. ஆத்தாவும் வாங்கவில்லை, நேர்ந்ததை நாங்களும் தின்ன முடியாது. முற்றத்தில் அதை அசைக்க ஆள் இல்லை. காலையில் சைக்கிளை எடுக்கும்போது என் தலையைப் பார்த்ததும் அது படலுக்கு அடியில் போய் நுழைந்துகொள்கிறது.